வந்து போகும் ஐந்தாவது விரல்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கதிர்காமத்தில் என் வீட்டு வாசலில் கார் ஷெட்டில் என்னோடு வேலை பார்த்த ஏழுமலை சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். வழக்கமாகத் தெருமுனையிலேயே கூப்பிட்டுக்கொண்டு வருகிறவன். நான் ஒரு வேன் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். “அக்கா, அந்துவான் அண்ணன் போயிட்டாருக்கா” என்றான். மெஷினை நிறுத்தத் தோன்றாமல் இன்னும் ஒரு சாண் தைத்துவிட்டேன். அந்த ஒரு சாணும் கோணலாகப் போயிருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

மேட்டுப்பாளையம் ஷெட்டில் காரை விட்டு, “இன்னும் எத்தினி நாளு?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கார்களின் உடம்பைச் சுரண்டி, துரு எடுத்து, புதிதாகப் பெயிண்ட் அடிப்பவர் அந்துவான் அண்ணன். அதற்கு முன்னால் மில்லில் இருந்தார். அங்கே வலது கைச் சுண்டுவிரலை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். மிச்சமிருந்த நாலு விரலால் ஒரு கதவைத் தடவிப் பார்த்தே, பெயிண்டுக்கு அடியில் துரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்த ஷெட்டுக்கு சீட் தைக்கப் போனேன். என் வீட்டுக்காரருக்கு மில் வேலை போய், இரண்டு பிள்ளைகளோடு என் தையலை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. “பொம்பள இங்க ஒத்து வருமான்னு தெரியல. கொஞ்ச நாளு பாக்கலாம்” என்றுதான் முதலாளி சேர்த்துக்கொண்டார். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று தெரியாமலே தினமும் போய் வந்தேன்.

போன முதல் மாதமே நான் ஒரு கூத்து அடித்தேன். கடைத்தெருவுக்கு நூல் வாங்கக் கிளம்பியபோது அந்துவான் அண்ணன் கூப்பிட்டு, “தங்கச்சி, அப்படியே ஒரு டப்பா மினியம் வாங்கிட்டு வந்துடு” என்றார். பூச்சில்லாத வெறும் இரும்பில் முதலில் அடிக்கிற சிவப்புப் பூச்சுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்து பிரெஞ்சு படித்தவர் அவர். எனக்கு என்ன தெரியும்? நம் ஊர் ஆட்கள் பேசும்போது பாதி வார்த்தையை முழுங்குவதுபோல இவரும் ‘அலு’வை முழுங்கிவிட்டார் என்று நினைத்து, கடையில் திருத்தமாக அலுமினியம் பெயிண்ட் கேட்டு வாங்கி வந்தேன். மூடியைத் திறந்ததும் வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. அண்ணன் ஒரு குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்தார். “இத்த அடிச்சா காரு பொங்கப்பானையாட்டம் இருக்கும். சொல்தா அய்யா அடுப்புல ஏத்திடப்போறாரு” என்றார். சொல்தா ஐயாதான் அந்தக் காரின் சொந்தக்காரர். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த டப்பாவை ஷெட்டின் இரும்புக் கேட்டுக்கு அடித்தார். நேற்று அந்தப் பக்கம் போனபோதுகூடப் பார்த்தேன், கேட் மினுமினுவென்றுதான் நிற்கிறது.

என் கெட்டிக்காரத்தனத்தால் அன்றைக்கு அந்தக் காரின் கதவு பூச்சில்லாமல் இரவு முழுக்க நிற்க வேண்டியதாயிற்று. அண்ணன் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மெல்லிசாக எண்ணெய் தொட்டுக் கதவு முழுக்கத் தடவி, துணி சுற்றிவிட்டுத்தான் சட்டையை மாட்டினார். மறுநாள் அந்த எண்ணெயைத் தின்னரால் மூன்று தடவை துடைத்து எடுத்த பிறகுதான் சிவப்புப் பூச்சு ஏறியது. “இரும்பு அம்மணமா நிக்குது தங்கச்சி. அத்த உட்டுட்டு எப்படிப் போறது?” என்றார். “பொம்பள இருக்கிறேன், பாத்துப் பேசுங்கண்ணே” என்றேன். அன்றிலிருந்து எனக்காக அதை “துணியில்லாம நிக்குது” என்று மாற்றிக்கொண்டார்.

அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு. பெயிண்ட் காய்ந்து முடிந்தால்தான் நான் சீட்டைப் பொருத்த முடியும். இவரோ ஒரு காரைச் சுரண்ட ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். சிவப்பு அடித்துவிட்டாரே, இனி ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அவசரப்படுகிறவர்களிடம், “அது பனியன் சார். பனியனோட மழையில நின்னா நனையாதா? மேல சட்ட போட்டு அனுப்புறேன்” என்பார். கதவின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டைகளைத் தீக்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்ப்பார். வெளியில் தெரியாத இடத்தில் இவ்வளவு நேரமா என்று நான் பல்லைக் கடித்திருக்கிறேன். வெளியில் தெரியாத இடத்தில்தான் துரு குடித்தனம் வைக்கும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி தோற்று நான் பார்த்ததில்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். சொல்தா ஐயாவை ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர், சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். ஆமை முதுகு மாதிரி வளைந்த பழைய பிரெஞ்சுக் கார் ஒன்று வைத்திருந்தார். அந்த வருஷம் ஐப்பசியில் அதன் பானட்டைச் சுரண்டி முடித்திருந்தார் அண்ணன். அதற்குச் சில வாரம் முன்னால்தான் வேறொரு கார், பெயிண்டுக்கு அடியில் துரு பொங்கி, கொப்புளம் கொப்புளமாகத் திரும்பி வந்திருந்தது. அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு ஆள் செய்த வேலை. கார்க்காரர் ஷெட்டு நடுவில் நின்று கத்திவிட்டுப் போனார். முதலாளி எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து, “இனிமே பூச்சில்லாத வெறும் இரும்புல எவன் கை வெச்சாலும் அன்னிக்கே வீட்டுக்குப் போவலாம்” என்று சொல்லிவிட்டார். கை வேர்வையில் இருக்கிற உப்பு போதும், இரும்பைத் தின்ன.

அண்ணன் பானட்டைத் துடைத்து, பூச்சு அடிக்கத் தயாராக வைத்தபோது மழை பிடித்தது, கரண்ட் போனது. பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசர் ஓடாது. அவர் எண்ணெய் எடுக்கப் பின்பக்கம் போனார். நான் முன் சீட்டுக்கு அளவெடுக்க நடந்து வந்தேன். ஈரத் தரையில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க வலது கையைப் பானட்டில் அழுத்தி ஊன்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஏழுமலை அன்றைக்கு ஷெட்டிலேயே இல்லை, பிள்ளைச்சாவடிக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தான். பானட்டைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வாயைத் திறக்காமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அண்ணன் வந்து, என் வேர்வைக்கு மேலேயே எண்ணெயைத் தடவி மூடினார்.

இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலை முதலாளியும் கூட நிற்க, அண்ணன் துணியை எடுத்து எண்ணெயைத் துடைத்தார். பானட்டின் நடுவில் ஒரு கை. உள்ளங்கையும் ஐந்து விரலும், ரேகைகூடத் தெரிகிற மாதிரி, காவி நிறத்தில். கல்யாண வீட்டுச் சுவரில் மஞ்சள் கை வைத்ததுபோல அவ்வளவு சுத்தமாகப் பதிந்திருந்தது.

“யாரு கை இது?” என்றார் முதலாளி.

என் இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்துவான் அண்ணன், “என் கைதான் முதலாளி” என்றார்.

முதலாளி அண்ணனுடைய வலது கையைப் பிடித்து அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று முறம் மாதிரி பெரிய கை. நாலு விரல். மற்றது சின்னக் கை. ஐந்து விரல்.

“உனக்கு ஏது அந்துவான் அஞ்சாவது வெரலு?”

அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மில்லுல போனதுதான் முதலாளி. மழ காலத்துல அப்பப்ப வந்துட்டுப் போவும்” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

முதலாளி பானட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். வாயை இறுக்கி வைத்திருந்தும் மீசை ஆடியது. “சரி. வந்துட்டுப் போற வெரல இனிமே பத்திரமா வெச்சிக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என் பிழைப்பு அன்றைக்குத் தப்பியது.

மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்காமல் அவரிடம் போய், “அண்ணே, நான்தான்” என்றேன். “தெரியும். நம்ம ஷெட்டுல அவ்ளோ சின்னக் கை வேற யாருக்குக் கீது?” என்றார். பிறகு, “வெச்ச ஒடனே சொல்லியிருந்தா ஒரு துணியால தொடச்சிட்டுப் போயிருப்பேன் தங்கச்சி. நீ மறைச்ச, அது துருவாச்சு” என்றார். அவ்வளவுதான். எமரித் தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பானட்டை மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். அன்று முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

நன்றி என்று சொன்னால் எழுந்து போய்விடுகிற மனிதர். அதனால் சீட்டுக்குள் வைக்கிற காடாத் துணியில் அவருக்கு வலது கைக்கு ஓர் உறை தைத்தேன், நாலு விரலோடு. கடையில் வாங்கிய உறையில் காலியாகத் தொங்குகிற சுண்டுவிரல் பெயிண்டில் தோயும், அதனாலேயே அவர் உறை போடாமல் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வார். போட்டுப் பார்த்து, “எனக்குன்னு எவனும் இப்படி அளவெடுத்ததில்ல” என்றார். பத்து வருஷத்துக்கு மேல் அதைக் கெரசினில் அலசி அலசிப் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை அவரைப் பெட்டியில் வைத்து, கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். அந்த நாலு விரலைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பெண்கள் பக்கம் நின்று வாய்விட்டு அழுதேன். முதலாளி வயதான காலத்தில் மூச்சு வாங்க நடந்து வந்து, அந்தக் கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

ஷெட்டு ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ராத்திரியில் அவருக்கு இரும்புச் சிலுவை செய்து நட்டீர்கள், சந்தோஷம். ஆனால் சிவப்பு மட்டும் அடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். மழை வருவதற்குள் மேல்பூச்சு போடுங்கள். அந்துவான் அண்ணனைப் பனியனோடு நிற்க வைக்காதீர்கள்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது அவர் மனைவி மரி அக்கா உள்ளே போய் அந்த உறையைக் கொண்டுவந்து, “ஒன் தையலாச்சே, நீயே வெச்சிக்கோ” என்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதில் என் வலது கையை நுழைத்துப் பார்த்தேன். நாலு விரல் உள்ளே போயின, சுண்டுவிரலுக்கு இடமில்லை. முதலாளி எதிரில் அவர் தன்னுடையது என்று சொன்னாரே, அந்த விரல். அதை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.