துடைத்துவிட்ட வானம்

அந்த பிளேட்டை ஈரத்துணியால் துடைத்தது என் தப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜீவனஹள்ளியிலிருந்து பஸ் ஏறி, பழைய போட்டோக்களைப் பாதுகாக்கும் ஓர் ஆபீசுக்குப் பதினாறு வருஷம் போனேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பெருக்குவது, தூசி தட்டுவது என் வேலை. அதிகம் பேசமாட்டேன் என்பதாலோ என்னவோ, பிளேட் என்று சொல்லும் கண்ணாடி நெகட்டிவ்களைத் துடைக்கவும் ஆபீஸ் மேடம் பழக்கினார். மங்கலான பக்கம் படம், தொடக்கூடாது. பளபளப்பான பக்கம் வெறும் கண்ணாடி, உலர்ந்த பஞ்சால் துடைக்கலாம்.

அன்று கையில் வந்தது ஒரு பாறைமலைப் படம். பளபளப்பான பக்கத்தில், வானம் இருக்கிற இடம் முழுக்கச் சிவப்பாக அப்பியிருந்தது. எங்கள் கோலார் தங்கவயலில் காற்றடித்தால் பாத்திரமெல்லாம் இப்படித்தான் செம்மண் படியும். பஞ்சுக்குப் போகவில்லை. துணியை நனைத்தேன். சுத்தமாக வந்துவிட்டது. மலை உச்சியின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பெண், தலையில் குடம். நெகட்டிவ் என்பதால் வெள்ளையாகத் தெரிந்தாள்.

துணியைப் பார்த்ததும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ செல்லம்மா! அது அழுக்கில்ல, போட்டோ எடுத்தவன் பூசின பெயின்ட். அந்தக் கால பிளேட்ல வானம் திட்டுத்திட்டா விழும். இப்படிப் பூசினாதான் பிரின்ட்ல வெள்ளையா வரும். ஓரத்துல நின்ன இவளையும் சேத்துப் பூசிட்டான்."

பைண்டிங் செய்யும் அன்வர் பாய் எட்டிப் பார்த்தார். "க்யா செல்லம்மாக்கா, நூறு வருஷ வானத்த ஒரே துணியில தொடச்சிட்டியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

மேடம் லென்ஸ் வைத்துப் பார்க்கப் பார்க்க, கோபம் கொஞ்சம் இறங்கியது. "இங்க பாருங்க, மரத்து இலையெல்லாம் கலங்கியிருக்கு. பத்து எண்ணுற வரைக்கும் கேமரா மூடிய தொறந்து வெச்சிருப்பான். அசைஞ்சதெல்லாம் கலங்கிடும். இவ மட்டும் எப்படி இவ்ளோ ஷார்ப்பா இருக்கா? அவன் நிக்கச் சொல்லியிருந்தா ஏன் அழிக்கணும்?"

"நெறஞ்ச கொடம் மேடம். ஆடினா சிந்திடும்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மேடம் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடியில மருந்து பூசி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து, அங்கயே கழுவணும். மலை மேலயே டென்ட் போடுவாங்க. தண்ணி இல்லன்னா படமே இல்ல. அந்தத் தண்ணிதான் இவ தலையில."

எனக்கு அம்மா ஞாபகம். அப்பா சுரங்கத்தில் ரிட்டையர் ஆன அன்று, எங்கள் லைன் வீட்டு வாசலில் எல்லாரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். அம்மா குழாயடி வரிசையில் இருந்தாள். குடத்தோடு வந்தபோது கேமராக்காரர் போய்விட்டார். "போனா போறான், சோறாக்கத் தண்ணி வேணாமா?" என்றாள். எங்கள் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. முகம் இப்போது சரியாக வருவதில்லை. குடத்தோடு வாசலில் நின்ற நிலை மட்டும் வருகிறது.

என் தப்பை ரிஜிஸ்டரில் எழுதினார்கள். வேலை போகவில்லை, ஆனால் பிளேட் பக்கமே போகக்கூடாது என்றார்கள். நியாயம்தான். மலைமேல் நின்றவள் பெட்டிக்குள் போனாள், பெட்டி பீரோவுக்குள் போனது. அந்த பீரோ முன்னால் நான்கு வருஷம் தினமும் பெருக்கினேன்.

கடைசி நாள் மேடம் கேட்டார்: "என்ன வேணும் செல்லம்மா? கூச்சப்படாம கேளுங்க."

மலைமேல் நின்றவளின் படம் ஒரு பிரின்ட். நாக்கு நுனி வரை வந்தது.

"ஒண்ணும் வேணாம் மேடம்," என்றேன். ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள்.

வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கேட்காமல் எதையும் துடைக்காதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இப்போதும் பழைய மலைப் படம் எங்கே மாட்டியிருந்தாலும், முதலில் அந்த வெள்ளை வானத்தின் ஓரத்தைத்தான் பார்க்கிறேன். மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். அம்மா அதுவரை ஆடாமல் நிற்பாள்.