அழிந்துபோன சாக்பீஸ் கோடு

தையல்காரரின் பழைய காரில் இண்டிகேட்டர் சுவிட்ச் கெட்டுவிட்டது. வலப்பக்கம் போட்டால் உடனே அணைந்துவிடும். ஒருமுறை அப்படித் திரும்பியபோது பின்னால் வந்த லாரி உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவர் மனைவி அந்தக் காரில் ஏறுவதில்லை. தையல் கடைக்கு அவள் பஸ்ஸில் போனாள். அவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போனார்.

ஞாயிற்றுக்கிழமை புது சுவிட்ச் வாங்கி வந்து தானே மாற்ற ஆரம்பித்தார். ஸ்டீயரிங் பழைய இடத்திலேயே உட்கார வேண்டும் என்று, அதிலும் அது மாட்டியிருக்கும் நடுத்தண்டிலும் சேர்த்து, துணியில் குறி வைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு ஸ்டீயரிங்கைக் கழற்றி வாசலில் வைத்தார். சுவிட்சை மாற்றிவிட்டு எடுக்க வந்தால் கோட்டைக் காணோம்.

"ஒரே அழுக்கா இருந்துச்சு, துடைச்சு வெச்சேன்" என்றாள் மனைவி.

"அது அடையாளம்டி! ஜாக்கெட் துணில போட்ட கோட்ட இப்படித் துடைச்சா கை எங்க வரும், கழுத்து எங்க வரும்?"

"நீங்க தைக்கறதுல இப்பவே அப்படித்தான வருது."

குத்துமதிப்பாக மாட்டி ஓட்டிப் பார்த்தார். கார் நேராகப் போனது, ஸ்டீயரிங் கோணலாக நின்றது. அந்தக் கோணலால் இண்டிகேட்டரும் திரும்பி முடிப்பதற்குள் அணைந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி கழற்றினார். பக்கத்து சீட்டிலிருந்து யாராவது நேராகப் பிடித்துக்கொண்டால் நட்டை முடுக்கிவிடலாம். ஆனால் அவளைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

அவளே கதவைத் திறந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"நல்லா முடுக்குங்க. அப்புறம் என் தலைல பழி போடக் கூடாது."

நட் இறுகியது. வலப்பக்கம் போட்டார். விளக்கு விடாமல் மின்னிக்கொண்டே இருந்தது. அவள் இறங்கவில்லை.

"வலப்பக்கமாவே திருப்புங்க, பாக்கலாம்" என்றாள்.