பருவுக்கு ரப்பர் பால்

என் பேத்தி ஈப்போவில் ஒரு கடையிலிருந்து ஏதோ களிம்பு வாங்கி வந்திருக்கிறாள். குழாயிலிருந்து பிதுக்கி முகமெல்லாம் பூசிக்கொள்கிறாள். காய்ந்ததும் தாடையிலிருந்து மெல்ல உரித்து எடுக்கிறாள். நேற்று அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கை தானாக இடப் புருவத்துக்குப் போனது. "எதுக்குச் சிரிக்கிறீங்க தாத்தா?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இருபதுகளில் நான் தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்குப் பரு வரும், போகும். என்னிடம் மட்டும் குடித்தனமே நடத்தியது. நெற்றி, கன்னம், தாடை என்று, தோட்டத்து வரிசை வீடுகளைப் போல லயம் கட்டிக் குடியிருந்தது. ஒன்று காலி செய்தால் பக்கத்திலேயே இரண்டு குடியேறும்.

என்னை வளர்த்த அக்கா கையில் அகப்பட்டதையெல்லாம் அரைத்துப் போட்டாள். வேப்பிலை, மஞ்சள், ஜாதிக்காய். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த அம்மா கொடுத்த 'பெடாக் செஜுக்' என்ற அரிசி மாவு வில்லையைக் குழைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். இருட்டில் என்னைப் பார்த்த ஒருவர் வந்த வழியே திரும்பி ஓடினார். விடியற்காலை எச்சில்தான் கைகண்ட மருந்து என்றார்கள், அதையும் விடவில்லை. கடைசியில் எல்லோரும் சொன்னது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று. இந்த மூஞ்சிக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

அக்கா எங்கெங்கோ சொல்லிவைத்து லகாட் என்ற ஊரில் ஒரு பெண்ணைப் பிடித்தாள். பெண்ணின் அப்பாவுக்கு ஈயச் சுரங்கத்தில் வேலை. பெண்ணின் பெயர் பாக்கியம். அவளை நான் முன்பே பார்த்திருந்தேன். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, தாகமே இல்லாமல், திரும்பத் திரும்பப் போய்க் குடித்தேன். அவள் கிடைக்காவிட்டால் உயிரோடு இருந்து என்ன பயன் என்று அந்த வயதில் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவானது.

சனிக்கிழமை பால் வெட்டும்போதுதான் அந்த அபார யோசனை உதித்தது. முதல் நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தால், தூசி துரும்பெல்லாம் அதோடு வந்துவிடும். அடியில் பட்டை பளிச்சென்று இருக்கும். மரத்துக்கு ஒரு நியாயம், என் முகத்துக்கு ஒரு நியாயமா? மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில் கொஞ்சம் பாலை மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்கா துணி துவைக்கப் போன நேரம் பார்த்து, ஒரு பரு விடாமல் பூசிக்கொண்டு படுத்தேன். சில பருக்கள் புருவத்துக்குள் ஒளிந்திருந்தன. அவற்றையும் விடவில்லை.

காய்ந்ததும் இடப் பக்கத்திலிருந்து உரித்தேன். பாட்டன் பூட்டனெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இடப் புருவம் முழுசாகப் பாலோடு வந்துவிட்டது. பருக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, முன்னைவிடச் சிவப்பாக. என் அலறலைக் கேட்டு ஓடிவந்த அக்காதான் தேங்காயெண்ணெய் தேய்த்து வலப் புருவத்தைக் காப்பாற்றினாள்.

"மூஞ்சியயும் பாலோட ஸ்டோருல நிறுக்கப் போறியாடா? நாளைக்கி அவங்ககிட்ட நா என்னா சொல்லுவேன்?" என்று முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கண்மையால் எனக்கு ஒரு புருவம் எழுதினாள். எழுதியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லகாட் வரை மாட்டுவண்டி, மண்டையைப் பிளக்கும் வெயில், போனதும் கொதிக்கக் கொதிக்கக் காப்பி. பழக்க தோஷத்தில் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். பலகாரத் தட்டோடு வந்த பாக்கியம் அப்படியே நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே பாத்திரம் விழுந்தது, சிரிப்பும் கேட்டது. அக்கா எழுந்து அவள் பின்னால் போனாள். பெண்ணின் அப்பாவும் போனார். நான் துண்டில் ஒட்டியிருந்த புருவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதுவிட்டேன்.

பெண்ணின் அப்பா வெகுநேரம் கழித்து வந்தார். "பொண்ணுக்குச் சம்மதமாம்" என்றார், அவருக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் கேட்டேன், இத்தனை பருவைப் பார்த்துமா சம்மதித்தாய் என்று.

"பருவா? அத யாரு பாத்தா? ஒரு பக்கம் புருவம் எங்க போச்சுன்னுல தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அப்புறம் ஒங்கக்கா வந்து எல்லாத்தையும் சொன்னாங்க. என்னப் பாக்க வர்றதுக்காக மூஞ்சில பால ஊத்திக்கிட்ட மனுசன வேணாம்னு எப்படி சொல்றது?"

ஆக, ரப்பர் பால் கைவிடவில்லை. கல்யாணம்தான் கைவிட்டது, மூத்தவன் பள்ளிக்கூடம் போகும்வரை பரு போகவில்லை. புருவம் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்தது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் கிளம்பும்போது பாக்கியம் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்ப்பாள். "இருக்கு, போயிட்டு வாங்க" என்பாள். சண்டை போட்ட நாளில்கூடத் தடவாமல் அனுப்பியதில்லை.

அந்த மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயம் இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பரு போய்க் குழிகள்தான் மிச்சம். பாக்கியமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த இடப் புருவம் மட்டும் இந்த வயதில் நரைத்து, காடாக வளர்ந்து கிடக்கிறது. வேலை இல்லாவிட்டாலும் விடிகாலையில் எழுந்து வாசல்வரை போகிறேன். இருக்கு என்று சொல்லத்தான் ஆளில்லை.