முகம் தெரியாத கூட்டாளி

ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். எங்கள் மார்க்கத்தில் வட்டி கூடாது என்பதால், கிரிப்டோ என்ற டிஜிட்டல் காசைப் பூட்டி வைத்துச் சம்பாதிக்கும் ஸ்டேக்கிங் பற்றி மனைவியின் தம்பி ரஃபீக் சொன்னபோது தயங்கினேன்.

"வட்டி இல்ல மச்சான். நம்ம காயினை ஜாமீனா பூட்டி வெச்சு ஒருத்தர் அந்த காயினோட கொடுக்கல் வாங்கல் கணக்கைச் சரிபார்ப்பார். அவர் கூலியில நமக்குப் பங்கு" என்றான்.

பாதிதான் விளங்கியது, ஆனாலும் பணம் போட்டேன். காயின்கள் மெல்லக் கூடின. ஒருநாள் பார்த்தால் குறைந்திருந்தன.

"அபராதம் மச்சான். கணக்கு பார்க்கிறவரு ஏதோ தப்பு பண்ணிட்டாராம், ஜாமீன்ல பிடிச்சுட்டாங்க."

"அதுக்கு என் காயினா? யாருப்பா அவரு?"

"தெரியாதே."

கடைக்குக் கூட்டாளி சேர்க்க ஊரெல்லாம் விசாரித்த நான், இவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வந்தது கூலியா வட்டியா என்று இன்னும் குழப்பம்தான். ஆனால் இப்போதெல்லாம் லாபத்தைக் கேட்பதற்கு முன், "யார் தப்புக்கு நான் அபராதம் கட்டணும்?" என்று கேட்கிறேன். போன வாரம் புதுத் திட்டத்தோடு வந்த ரஃபீக், இதைக் கேட்டதும் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.