எந்தக் கிளாஸ் என்று அவள் எழுதவில்லை

வாழ்நாளில் அவள் விழுங்கிய ஒயினை எல்லாம் சேர்த்தால் ஒரு பாட்டில்கூடத் தேறாது. வாயில் ஒரு மடக்கு ஊற்றிக்கொள்வாள், இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டுவாள், மூக்கு வழியாக மூச்சு விடுவாள், துப்பிவிடுவாள். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருந்தாள். பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குத் துப்பல் ராணி என்று பெயர். மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருந்த "இங்கே துப்பாதீர்கள்" பலகையை யாரோ கழற்றி அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனபோது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது.

அவள் அங்கே சேர்ந்தது புரூஃப் பார்க்க. வாரா வாரம் ஒயின் பக்கம் எழுதிக்கொண்டிருந்த மனிதர் ஒரு ஒயின் கம்பெனியில் நல்ல சம்பளத்துக்குப் போய்விட, பக்க ஆசிரியர் அலுவலகத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தார். மற்றவர்களிடம் கொடுத்தால் மாதிரி பாட்டில்கள் பக்கத்துக்கு வந்து சேராது என்று அவருக்குத் தெரியும். "குடிக்காத ஆள் நீ ஒருத்திதான். நீயே எழுது" என்று அவள் தலையில் கட்டினார்.

கட்டியதை அவள் ஒழுங்காகச் சுமந்தாள். வறுத்த மீனுக்குச் சிவப்பு ஒயின் வேண்டாம், வாயில் இரும்பு ருசி தட்டும் என்று எழுதினாள். எழுதுவதற்கு முன் மீனை வறுத்து, இரண்டையும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். வெயில் கூடிப்போய்த் திராட்சையை முன்னாலேயே பறிக்கிறார்கள், தக்கைக்குப் பதில் திருகு மூடி வந்துவிட்டது, தகர டப்பாவில்கூட ஒயின் விற்கிறார்கள், எந்த ஊரில் எப்போது ஒயின் விழா என்று எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் வரும். ஒயினே வாங்காதவர்கள்கூடப் படித்தார்கள்.

ருசி பார்த்த பிறகு பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம் இருக்கும். வீணாக்க மனம் வராது. வறுத்த மீன், வேகவைத்த கோழி, பாலாடைக்கட்டித் துண்டுகளோடு அந்தப் பாட்டிலும் இரண்டு தெரு தள்ளி இருந்த தம்பி வீட்டுக்குப் போகும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், அவனுக்குத் தலை வாரிவிட்டு, சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தவள் அவள்தான். தனக்கென்று ஒருவரைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாமல் போயிற்று என்பாள். அவனைவிட்டால் அவளுக்கு நாதி கிடையாது.

ஒரு விழா சமயத்தில் ஆரோக்கியம் பற்றி ஏதாவது போடச் சொன்னார் பக்க ஆசிரியர். எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியை எடுத்து, நல்ல தமிழில் நாலு பத்தி எழுதிக் கொடுத்தாள். "இதயத்துக்கு ஒரு கிளாஸ்" என்று தலைப்பு. தினம் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று ஆய்வாளர்கள் சொல்வதாக அதில் இருந்தது. யார் அந்த ஆய்வாளர்கள், யார் காசு கொடுத்து ஆய்வு செய்யச் சொன்னார்கள் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. பத்திரிகையில் யார்தான் கேட்கிறார்கள்?

தம்பி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். அக்கா எழுதினது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான். அவளுக்கும் பெருமைதான்.

கிளாஸ் என்று எழுதினாளே தவிர எந்தக் கிளாஸ் என்று அவள் எழுதவில்லை. அவள் மனதில் இருந்தது ருசி பார்க்கும் சின்னக் கிளாஸ். அவன் எடுத்தது தண்ணீர் குடிக்கும் உயரக் கிளாஸ். முதலில் இரவுச் சாப்பாட்டோடு, பிறகு சாப்பாட்டுக்கு முன்னால், பிறகு சாப்பாடே இல்லாமல். அக்கா கொடுத்தது போதாமல் கடையில் வாங்க ஆரம்பித்தான். பெண்டாட்டி வாய் திறந்தால் ஃபிரிட்ஜைக் கைகாட்டுவான். "என்னைக் கேக்காத, என் அக்காவப் போய்க் கேளு. படிச்சவ எழுதியிருக்கா." பாவம், அந்தப் பெண் என்ன சொல்வாள்? பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் நாள் முழுக்க மெஷின் மிதித்துவிட்டு வருகிறவள். நாத்தனார் எழுத்தை எதிர்த்து வாதாட அவளுக்குத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை.

அக்காவுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். அவன் கண் மஞ்சளடிப்பதும் சட்டை தொளதொளப்பதும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. சொன்னால், "நீ சாப்பிடறதே இதுலதானேக்கா?" என்று திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று பயம். பாட்டில் அனுப்புவதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டாள். வார்த்தையை மென்று விழுங்கினாள். ஒயினைத் துப்பத் தெரிந்தவளுக்கு இதைத் துப்பத் தெரியவில்லை.

கடைசியில் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கல்லீரல் சுருங்க ஆரம்பிச்சிருச்சு. இப்ப அடியோட நிறுத்தினா பொழைச்சுக்கலாம். இல்லைன்னா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க" என்றார். வராந்தா பெஞ்சில் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் டாக்டர் சொன்னதையே நம்பல. ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்களாம். அக்கா பேப்பர்ல கூடாதுன்னு எழுதட்டும், அன்னைக்கே நிறுத்தறேன்னு குழந்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. எழுதுங்கக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"காலெல்லாம் எதுக்குமா? எழுதறேன்" என்றாள்.

எழுதுவது பெரிய காரியமில்லை. போட வேண்டுமே! விழா வரும் வாரம். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க ஒயின் கம்பெனி விளம்பரம். அந்த நேரத்தில் 'ஒயின் உடம்புக்கு ஆகாது' என்று ஒரு கட்டுரையைக் கொண்டுபோய் நீட்டினால் பக்க ஆசிரியர் குதிப்பார், வேலைக்கே வேட்டு வைத்தாலும் வைப்பார் என்று பயந்துகொண்டேதான் அவர் அறைக்குப் போனாள். சண்டை போட வார்த்தைகளை வரிசையாகத் தயார் செய்துகொண்டு போனாள். எல்லாம் வீணாயிற்று. அவர் கட்டுரையைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லாருக்கு. போட்டுடலாம்."

"சார், விளம்பரக்காரங்க..."

"அவங்களை நான் பாத்துக்கறேன். நீ சனிக்கிழமை விழா அரங்கத்துல நம்ம பேப்பர் மேஜைல நின்னு எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்னு சொல்லணும், அவ்வளவுதான். அன்னைக்குப் பேப்பர் பிச்சுக்கிட்டுப் போகும், வேணா பாரு."

அவள் அதைத் தன் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டுரைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முன்பு நான் எழுதியது அரைகுறை என்று முதல் வரியிலேயே ஒத்துக்கொண்டாள். இதயத்துக்கு என்று சொல்லிக் குடிக்க வேண்டாம், கல்லீரல் கெட்டவர்களுக்கு ஒரு சொட்டும் கூடாது, சின்னக் கிளாஸ் பெரிய கிளாஸ் என்ற பேச்சே இல்லை என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதினாள். ஒவ்வொரு வரியையும் தம்பி காதால் கேட்டுப் பார்த்தாள். எங்கே அவன் ஓட்டை கண்டுபிடிப்பான் என்று தேடித் தேடி அடைத்தாள். அவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு?

சனிக்கிழமை காலையில் பேப்பர் வந்தது. கையில் வாங்கியவள் தன் பக்கத்தை மட்டும் பார்த்தாள். ஒரு வரியும் வெட்டாமல் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவி போன் செய்தாள். பேச ஆரம்பிக்கும்போதே அழுகை.

"அக்கா, படிச்சுட்டாரு! வாய்விட்டுப் படிச்சாரு. பழசைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டாரு. காலைலேருந்து தொடவே இல்ல. அப்பறம் என்ன பண்ணினாரு தெரியுமா? கடைக்குப் போய் நாலு பேப்பர் வாங்கிட்டு வந்துட்டாரு! ஒண்ணுக்கு நாலா எதுக்குன்னு கேட்டா, என் அக்கா எழுதினது, இருக்கட்டுமேன்னு சொல்றாரு."

போனை வைத்துவிட்டு அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ வருடமாக மீனுக்கும் கோழிக்கும் எழுதிய கை, இன்றுதான் ஒரு மனுஷனுக்கு எழுதியிருக்கிறது என்று தோன்றியது. முகம் கழுவி, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு விழாவுக்குக் கிளம்பினாள்.

விழா நடந்தது பெரிய கண்காட்சி அரங்கம் ஒன்றில். வரிசை வரிசையாகக் கடைகள், காதைப் பிளக்கும் பாட்டு, தரையெங்கும் பிசுபிசுப்பு. பத்திரிகையின் மேஜையில் அவளுக்கு ஒரு ஏப்ரன் கொடுத்தார்கள். தட்டில் பாலாடைக்கட்டி, வறுத்த பாதாம், கறுப்பு சாக்லேட். பக்கத்தில் ஒரு பெண் கண்ணாடிக் கிண்ணத்தில் கூப்பன் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு நம்ம பேப்பர்ல வந்ததுங்க. வெட்டிட்டு வந்தா ஒரு கிளாஸ் இலவசம். எந்தக் கடையிலயும் செல்லும். அதான் இவ்வளவு கூட்டம்" என்றாள்.

அவள் கிண்ணத்திலிருந்து ஒரு கூப்பனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் அவளுடைய எழுத்து. "கல்லீரல் கெட்டவர்களுக்கு ஒரு சொட்டு" என்பதோடு கத்தரி போயிருந்தது. பேப்பர் பிச்சுக்கிட்டுப் போகும் என்று அவர் சொன்னது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சுருக்கென்று இருந்தது. போகட்டும், படிக்க வேண்டியவன் படித்துவிட்டான், ஊர் எப்படிப் போனால் எனக்கென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வந்தவர்களுக்குச் சாக்லேட்டுக்கு எது இதம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் விலகியபோது, எதிர் வரிசையின் கடைசிக் கடையில் ஒரு முதுகு தெரிந்தது. நீலச் சட்டை, தோளில் நிற்காமல் வழிகிற சட்டை. அந்தச் சட்டைக்குப் பட்டன் தைத்தவள் அவள். நாலு பேப்பர் எதற்கு என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. வரிசையில் நின்றவர்கள் "மேடம், மேடம்" என்று கூப்பிடக் கூப்பிட, துப்பும் கிண்ணம் கையில் இருப்பதுகூடத் தெரியாமல் நடந்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி அவன் முழிக்கவில்லை. கிளாஸ் நிறைய இருந்தது. இன்னும் வாய் வைக்கவில்லை. சட்டைப் பையில் மூன்று கூப்பன்கள் எட்டிப் பார்த்தன.

"படிச்சேன்க்கா" என்றான். "ரொம்ப நல்லா எழுதியிருந்த."

"பின்ன இது என்னடா?"

"காலைலேருந்து தொடலக்கா. சத்தியமா. கை நடுங்குது பாரு. இது சும்மா, விழாவுக்குன்னு..."

அவள் எழுதிய வரிகளில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை. கல்லீரலும் ஆய்வும் அளவும் எங்கேயோ போய்விட்டன. நடு அரங்கத்தில், பாட்டுச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"எனக்குப் பயமா இருக்குடா! நீ செத்துப் போயிட்டா நான் யார்கிட்டடா போவேன்? பாட்டில் பாட்டிலா உனக்குக் கொண்டுவந்து கொடுத்தவ நான்தான். உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல, அதான் பேப்பர்ல எழுதினேன். வேண்டாம்டா. என் கண்ணுல்ல? வேண்டாம்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரப் பெண் பாட்டிலைக் கீழே வைத்தாள். தம்பி கிளாஸிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"இத நீ எழுதலையேக்கா" என்றான்.

அவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே பாதியைக் குடித்தான். பாதியில் நிறுத்தி, மிச்சத்தை நீட்டினான். அவள் வாங்கித் துப்பும் கிண்ணத்தில் கொட்டினாள். பையிலிருந்த மூன்று கூப்பன்களையும் எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை.

மேஜையையும் கூட்டத்தையும் அப்படியே விட்டுவிட்டு, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பக்க ஆசிரியர் திங்கட்கிழமை என்ன சொல்வாரோ சொல்லட்டும். வாசலில் பேப்பர்க்காரர் ஒருவர் அன்றைய பேப்பரை அடுக்கிவைத்துக்கொண்டு, கட்டுக் கட்டாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். "கூப்பன் இருக்கு, கூப்பன் இருக்கு" என்று கத்தினார்.

தம்பி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவன் என்ன பாடுபட்டான் என்பது முழங்கையைப் பிடித்திருந்த அவள் கைக்குத் தெரிந்தது. பிடியை அவள் தளர்த்தவில்லை.