மீன்தூள் தின்ற கிடாக்குட்டிகள்

வரிச்சிக்குடியில் மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு நிற்கும் திடலை மேடாக்கி ஆட்டுக் கொட்டகை போட்டவன் நான். ஈரத்தில் குளம்பு அழுகிவிடும் என்று ஊரே சிரித்தபோது, மூங்கில் பரண் கட்டிச் செம்மறிகளை மேலே ஏற்றியவனும் நான். காரைக்கால் கடைத்தெருவில் கறிக்கடை திறந்து, கல்யாண வீடுகளுக்குக் கறி கொடுக்கும் அளவுக்கு வளர்த்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்.

என் மகன் கல்லூரி வரை போனவன். கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, "குட்டிங்களுக்குப் புரதம் பத்தலைப்பா" என்றான். கடற்கரையில் கருவாடு காயும் களத்தில் கூட்டி அள்ளும் மீன்தூளை மூட்டை மூட்டையாக வாங்கித் தவிட்டில் கலந்தான். கடல் பக்கத்தில் இருப்பதால் வந்த புத்தி.

குட்டிகள் வளர்ந்தன. இல்லை என்று சொல்ல மாட்டேன். முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டவில்லை. தானே பெற்றுப்போட்டவன் மாதிரி மகன் கொட்டகைக்குள் நடந்தான்.

அந்தக் கிடாக்களை அறுத்து, கறியை ஒரு நிக்காஹ் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே பிரியாணி ஆக்கும் பண்டாரி பல வருடமாக எங்களிடம்தான் கறி எடுப்பவர். முதலில் ஒரு கொழுப்புத் துண்டைச் சூடான சட்டியில் போட்டு முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். முகர்ந்தார். சட்டியை என் பக்கம் நீட்டினார்.

"என்னண்ணே, ஆட்டைக் கடல்ல மேய விட்டீங்களா?"

"மசாலா போட்டா தெரியாதுங்க" என்றான் மகன்.

"தம்பி, விருந்துக்கு வர்றவங்க மூக்கை வீட்ல கழட்டி வச்சிட்டா வருவாங்க?"

கறி திரும்பி வந்தது. அடுத்த மாதக் கடைசியில் அவருடைய சொந்த மகளின் கல்யாணம். "அதுக்கும் இப்படி இருந்துச்சுன்னா, இனி உங்க கடைப் பக்கம் வரமாட்டேண்ணே" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மகன் அப்போதும் திருந்தவில்லை. "வேற ஒரு பவுடர் இருக்குப்பா, நாத்தத்தை எடுத்துடும்" என்றான்.

"எதுக்குடா பவுடர், ஆட்டுக்கு அத்தரே பூசிடு" என்றேன்.

மீன்தூளை நிறுத்தினேன். அறுப்புக்கு முந்தைய அந்த மாதம் முழுக்க உளுந்தம்பொட்டு, கடலைக்கொடி, அகத்திக்கீரை தவிர எதுவும் தொட்டியில் விழாமல் காவல் இருந்தேன். நாற்றம் தங்குவது கொழுப்பில். தீனி மாறினால் கொழுப்பும் மாறும். இதை எந்தப் பவுடர் மூட்டையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கல்யாணத்தன்று பண்டாரி சட்டியைச் சூடாக்கியதும் படித்தவன் வாசலுக்குப் போய்விட்டான். நான்தான் எதிரில் நின்றேன். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "தேக்சாவ அடுப்புல ஏத்துங்கப்பா" என்றார் தன் ஆட்களிடம்.

இப்போது ஆடு வளர்ப்போர் கூட்டங்களில் மகனைப் பேசக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் நெரவியில் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "வளர்ச்சிக்கு மீன்தூள், அறுப்புக்கு முன்னாடி ஃபினிஷிங் ஃபீட். இது நான் கண்டுபிடிச்ச முறை" என்றான். கைதட்டினார்கள். என் அகத்திக்கீரைக்கு இங்கிலீஷில் பெயர் வைத்தால் அது அவனுடையதாகிவிடுமா?

மீன்தூள் அவனுடையது, வைத்துக்கொள்ளட்டும். நாற்றமும் அவனுடையதுதான். அதைப் போக்கிய மாதம் என்னுடையது. அடுத்த கூட்டத்தில் அதை அவன் மைக்கில் சொல்ல வேண்டும். "எங்க அப்பாவும் உதவினாங்க" என்று முணுமுணுத்தால் போதாது. பெயரைச் சொல்லி, நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும்.