போர்வைக்குப் பின்னால் ஒரு தவில்

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, ஸ்பீக்கருக்குப் போகும் வயரைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, அடியில் சின்னச் சின்ன மரக்கட்டைகளைச் செருகிக்கொண்டிருக்கிறார் சுபலட்சுமி. வயர் தரையில் படக்கூடாது. "தரையில கெடந்தா பாட்டு கனத்துப் போயிடுதுங்க," என்கிறார், தலையை நிமிர்த்தாமலே.

புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வாரம் முழுக்க ஊராரின் தோளையும் முழங்காலையும் மடக்கி நிமிர்த்துகிற கைகள், ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் வயர்களுக்கு வைத்தியம் பார்க்கின்றன. "இதுவும் நரம்பு மாதிரிதான். மடிச்சுப் போட்டா சத்தம் நொண்டும்." செம்பு வயரில் வருவது 'சாப்பிட்டுட்டுப் பாடுற' குரலாம். வெள்ளி பூசிய வயரில் 'குளிச்சுட்டு வந்து பாடுற' குரல். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கவைப்பார். வித்தியாசம் தெரிகிறது என்று தலையாட்டியவர்களுக்குக் காபியோடு முறுக்கும் வரும்.

கணவர் வீரமலை மட்டும் தலையாட்டியதே இல்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை நடத்துகிறவர். "மில்லு சத்தத்துல செத்த காது இது. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது," என்று நழுவிவிடுவார். போன மாதம் மூன்றாவதாக ஒரு வயர், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் கனத்தில், கூரியரில் வந்து இறங்கியபோது அவருக்கும் பொறுக்கவில்லை.

"சுபா, நான் மறைவா நின்னு மாத்துறேன். எது எந்த வயருன்னு பாக்காம சொல்லிடு. நீ சரியாச் சொல்லிட்டேன்னா, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நானே வித்தியாசம் கேக்குதுன்னு சத்தியம் பண்றேன்."

"சொல்ல முடியலன்னா?"

"வயரு வாங்குறதை விட்டுடணும்."

"அவ்வளவுதானே? கட்டுங்க போர்வையை."

ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடிவரை கயிறு கட்டி, ஆம்ப்ளிஃபயரை மறைத்துப் போர்வை தொங்கியது. பழைய நாகஸ்வரக் கச்சேரி ஒன்றில், தோடி முடிந்து தவில் சேருகிற இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டார் வீரமலை. சுபலட்சுமி கண்ணை மூடி, முகவாயைத் தூக்கிக் கேட்டார். முதலில் சரியாகச் சொன்னார். "பாத்தீங்களா!" அடுத்தது தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. பிறகு ஒன்று சரி. போர்வைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றுக்கும் "ம்" மட்டுமே வந்தது.

மறுபடியும் வயர் கழற்றும் சத்தம், மாட்டும் சத்தம். நாகஸ்வரம் எழுந்தது.

"ஆங்... இதுதாங்க புதுசு! தவிலு அப்படியே தனியா எழுந்து நிக்குது பாருங்க!"

போர்வை குலுங்கியது. சுபலட்சுமி போய் அதை விலக்கினார். புது வயர் உறை பிரியாமல் அட்டைப்பெட்டியிலேயே படுத்திருந்தது. மாட்டியிருந்தது பழைய செம்பு வயர். அதையே கழற்றி அதையே மாட்டியிருக்கிறார் வீரமலை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

சுபலட்சுமியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, புரையேறும்வரை சிரித்தார்.

"அப்ப இப்ப எழுந்து நின்ன தவிலு யாருதுங்க?"

வீரமலை சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். ஒரே இடத்தை அத்தனை தடவை போட்டதில், செத்ததாகச் சொன்ன காதுக்குள் ஏதோ போய் உட்கார்ந்துவிட்டது.

"இரு, இரு. வாசிக்கிறவரு நடுவுல மூச்சு இழுக்குறாரே, அது ரெக்கார்டுலயே இருக்கா?"

"எப்பவும் இருக்குங்க. நீங்கதான் கேக்கல."

"முதல்லேருந்து போடு."

புது வயரை நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டுதான் சுபலட்சுமி கச்சேரியை முதலிலிருந்து வைத்தார். அந்தக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் சமமாக வந்து கூடும் இடம் ஒன்றே ஒன்றுதான், சோபாவின் நடு. பாட்டு ஓடும்போது விருந்தாளிகளைக்கூட அவர் அதில் உட்காரவிட்டதில்லை. ஆலாபனை தொடங்கியதும் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து, கைப்பிடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, நடு இடத்தைக் கையால் இரண்டு தட்டு தட்டினார்.